சிங்கப்பூரில் குடும்பத்தோடு வாடகை வீடு: கையெழுத்திடுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

மலைக்கோட்டையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். சாங்கி வணிகப் பூங்காவில் இயங்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் நான் மட்டும் முதலில் வருகிறேன். மனைவியும் ஐந்து வயது மகளும் தங்களுக்குரிய பாஸ் கிடைத்த பிறகு வருவார்கள். வாடகைக்கு மாதம் 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை ஒதுக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

இணையத்தில் தேடியபோது தெம்பனிஸ் வட்டாரத்தில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘ஃபோர் ரூம்’ என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் படங்களில் மூன்று படுக்கையறைகள்தான் தெரிகின்றன. வாட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டபோது முகவர் ஒருவர் காணொளி அனுப்பினார். வீட்டுக்குப் பலர் போட்டியிடுவதாகவும், ஒரு மாத வாடகையை இப்போதே தன்னுடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் நான் வரும்வரை வீட்டைப் பிடித்து வைப்பதாகவும் சொன்னார். விளம்பரத்தின் அடியில் ‘லைட் குக்கிங் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் வீட்டில் தினமும் இரண்டு வேளை அடுப்பெரியும். தாளிக்காமல் சமைப்பது எப்படி என்று என் மனைவி கேட்கிறார்.

இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகை முன்வைப்பு (டெபாசிட்) என்கிறார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவனுக்கு இது குறைவாகத்தான் தெரிகிறது. அங்கே காலி செய்யும்போது கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிடுவோம்; இங்கேயும் அப்படிச் செய்யலாமா? இவற்றைத் தவிர நான் கேட்கத் தெரியாமல் விட்டுவிட்ட கேள்விகள் இருக்குமென்றே நினைக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஈசூன்வாசி:

வாழ்த்துகள் தம்பி. மற்றவற்றைப் பிறகு பேசலாம். அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள்.

இங்கே வீட்டு முகவர்கள் அனைவரும் சிஇஏ எனப்படும் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்கு இணையத்தில் திறந்தே இருக்கிறது. முகவரின் பெயர், படம், நிறுவனம், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண், தொலைபேசி எண் எல்லாம் அதில் கிடைக்கும். மோசடிக்காரர்கள் உண்மையான ஒரு முகவரின் பெயரையும் படத்தையும் இதே பதிவேட்டிலிருந்து எடுத்துத் தங்கள் வாட்ஸ்அப் கணக்கில் போட்டுக்கொள்வதுண்டு. ஆகவே பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், விளம்பரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டுப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். சந்தேகமிருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணில் கேட்கலாம்.

இதைவிட எளிய சோதனை ஒன்றும் உண்டு. வீவக வீட்டு வாடகையில் முகவர் வாடகைப் பணத்தையோ முன்வைப்பையோ தன் கையில் வாங்கக்கூடாது என்பது விதி. பணம் நேராக உரிமையாளரின் கணக்குக்குப் போக வேண்டும். ‘என் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று ஒரு முகவர் கேட்டால் அவர் போலியாக இருக்கலாம், அல்லது விதியை மீறுகிறவராக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அவர் நமக்கு வேண்டாம்.

‘ஃபோர் ரூம்’ விளம்பரத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. இங்கே கூடத்தையும் ஓர் அறையாகக் கணக்கிடுவார்கள். நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறைகளும் கூடமும், மூவறை வீடு என்றால் இரண்டு படுக்கையறைகளும் கூடமும். மூவர் அடங்கிய குடும்பத்துக்கு மூவறை வீடே போதும் என்பது என் கருத்து. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவார்கள் என்றால் மட்டும் நாலறையை யோசியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்டதற்கு வருகிறேன். வீவக வீட்டை உரிமையாளர் தம் விருப்பப்படி யாருக்கும் வாடகைக்கு விட்டுவிட முடியாது. கழகத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும். ஒவ்வொரு முறையும் குறைந்தது ஆறு மாதத்துக்கு விட வேண்டும். குடியேறும் வெளிநாட்டவரின் பாஸ், இந்த ஒப்புதலுக்கு விண்ணப்பிக்கும் தேதியிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். முழு வீட்டையும் விடுவதென்றால் உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருப்பதோடு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தையும் முடித்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் ஐந்தாண்டு. நிரந்தரவாசிகள் தங்கள் வீவக வீட்டை முழுவதுமாக வாடகைக்கு விட அனுமதியில்லை.

இதற்கும் மேல் வெளிநாட்டவர் ஒதுக்கீடு என்று ஒன்றிருக்கிறது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவரும் நிரந்தரவாசிகளும் முழு வீட்டை வாடகைக்கு எடுப்பது, வட்டார அளவில் 8 விழுக்காட்டையும் புளோக் (அடுக்குமாடிக் கட்டட) அளவில் 11 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. அந்த எல்லை நிரம்பிய புளோக்கில் நீங்கள் எவ்வளவு வாடகை கொடுக்க முன்வந்தாலும் முழு வீடு கிடைக்காது. சிங்கப்பூரரும் மலேசியரும் மட்டுமே எடுக்க முடியும். ஒதுக்கீட்டு நிலவரம் மாதந்தோறும் முதல் தேதியன்று புதுப்பிக்கப்படும். வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே ‘இந்த மாதம் ஒதுக்கீடு இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

ஒதுக்கீடு நிரம்பிய இடங்களில் சிலர் ஒரு குறுக்குவழியைச் சொல்வார்கள். ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு, மீதி வீட்டை ‘அறை வாடகை’ என்ற பெயரில் பதிவு செய்துவிட்டு, உரிமையாளர் வேறெங்கோ போய் வசிப்பார். அறை வாடகைக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்பதால் செய்கிற தந்திரம் இது. ஆனால் அறையை மட்டும் விடுகிற உரிமையாளர் அதே வீட்டில் குடியிருந்தாக வேண்டும். கழகத்தின் அதிகாரிகள் வந்து பார்த்துப் பூட்டிய அறையைக் கண்டுபிடித்தால் வீட்டுக்காரருக்கு நடவடிக்கை, நமக்குப் பெட்டி படுக்கையோடு தெரு. வாடகை 300 வெள்ளி குறைவாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தானபின் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கு வழியாகக் கழகத்தின் இணையத்தளத்தில் நுழைந்து, உங்கள் குடும்பத்தார் பெயர்கள் குடியிருப்போராகப் பதிவாகியுள்ளனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் வீட்டுக்காரம்மா:

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். எங்களுடைய இன்னொரு வீட்டைப் பத்தாண்டுகளுக்கு மேலாக வாடகைக்கு விட்டு வருகிறேன். சமையல் பற்றி வீட்டுக்காரர் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

‘லைட் குக்கிங்’ என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் எதுவும் கிடையாது. ஒருவருக்கு அது நூடுல்ஸ் கொதிக்க வைப்பது, இன்னொருவருக்கு மீன் பொரிப்பது மட்டும் கூடாது என்பது. வெளிப்படையாகச் சொன்னால், சில விளம்பரங்களில் ‘இந்தியர் வேண்டாம்’ என்பதற்கு நாகரிகமான மாற்றுச் சொல்லாகவும் அது வந்துவிடுகிறது. பார்க்கப் போகும் நாளை முடிவு செய்யும்போதே ‘நாங்கள் தமிழ்க் குடும்பம், தினமும் சமைப்போம்’ என்று கேட்டுவிடுங்கள். மறுப்பவர் தொலைபேசியிலேயே மறுத்துவிடுவார், உங்களுக்கு ஒரு பேருந்துப் பயணம் மிச்சம். இது மனத்துக்குச் சங்கடமான கேள்வி என்பதை அறிவேன். என் சொந்த மகன் வாடகைக்கு வீடு தேடியபோது, தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் இரண்டு முகவர்கள் பதில் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அதே சமயம் வீட்டுக்காரரின் அச்சம் முழுவதும் கற்பனையும் இல்லை. மஞ்சள் கறை வெள்ளைக் கல் மேடையில் ஊறிவிட்டால் எந்த மருந்துக்கும் போகாது. புகைபோக்கியை ஒரு வருடம் கழுவாமல் விட்டால் எண்ணெய் ஒழுகி அலமாரிக் கதவுகளின் மேற்பூச்சு உரிந்துவிடுகிறது. என் வீட்டில் இரண்டுமே நடந்திருக்கின்றன. அதன்பிறகும் தமிழ்க் குடும்பங்களுக்கு விட்டு வருகிறேன், ஆனால் ‘குடியிருப்போர் வழக்கமான வீட்டுச் சமையல் செய்யலாம், புகைபோக்கியைக் குடியிருப்போர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்விக்க வேண்டும்’ என்று ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்த்துக்கொள்கிறேன். இப்படி எழுதிக்கொள்வது உங்களுக்கும் பாதுகாப்பு. வாய்வார்த்தையாக ‘சமைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு, தாளில் ‘லைட் குக்கிங்’ என்று இருந்தால், காலி செய்யும் நாளில் தாள்தான் பேசும்.

முன்வைப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓராண்டுக்கு ஒரு மாதம், இரண்டாண்டுக்கு இரண்டு மாதம் என்பது சட்டமல்ல, நடைமுறை. அதைக் கடைசி வாடகையில் கழிக்க முடியாது என்று ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் எழுதியிருக்கும். அந்தப் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சாவியை ஒப்படைத்து வீட்டைப் பார்த்த பிறகு இத்தனை நாளுக்குள், பெரும்பாலும் 14 நாளுக்குள், திருப்பித் தர வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். நாள் குறிப்பிடாமல் விட்டிருந்தால் குறிப்பிடச் சொல்லுங்கள்.

குளிர்சாதனத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் பராமரிக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு சிறு பழுதிலும் முதல் 150 அல்லது 200 வெள்ளி உங்கள் பொறுப்பு என்றும் இருக்கும். அது வழக்கம்தான். ஆனால் குடியேறிய முதல் 30 நாளுக்குள் தெரியவரும் பழுதுகள் முழுவதும் உரிமையாளர் செலவு என்ற வரியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. உங்கள் தாளில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நேர்மையான வீட்டுக்காரர் மறுக்க மாட்டார். வந்த வாரமே எல்லாக் குழாயையும் திறந்து, எல்லா அறையிலும் குளிர்சாதனத்தை இரவு முழுக்க ஓடவிட்டு, சலவை இயந்திரத்தில் ஒரு சுற்றுத் துணி போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தேக்கா டீக்கடை:

மேலே இருவரும் முக்கியமானவற்றைச் சொல்லிவிட்டார்கள். நான் வீட்டைப் பார்க்கப் போகும் நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முகவர் காலை 11 மணிக்கு அழைத்தால் மாலை 4 மணிக்கு வருவதாகச் சொல்லுங்கள். மேற்கு பார்த்த படுக்கையறைச் சுவர் பிற்பகலில் அடுப்பு போலச் சுட்டு, இரவு பத்து மணிவரை அந்தச் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். அதன் விலை மாதந்தோறும் மின்கட்டணத்தில் தெரியும்.

இரண்டாம் மூன்றாம் மாடியானால் கீழே வாய்ட் டெக் எனப்படும் திறந்த தளத்தையும் பாருங்கள். கல்யாணமும் நடக்கும், துக்கமும் நடக்கும். சில சடங்குகள் மூன்று நாள், ஐந்து நாள் என்று நீளும். நமக்கும் ஒருநாள் அந்த இடம் தேவைப்படலாம் என்பதால் குறை சொல்லவில்லை, ஐந்து வயதுக் குழந்தை இரவு எட்டு மணிக்குத் தூங்கும் வீடா என்று யோசித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

வெடிகுண்டுப் புகலிட அறை என்று தடித்த இரும்புக் கதவோடு ஒரு சிறிய அறை புதிய வீடுகளில் இருக்கும். அதைப் படுக்கையறையாகக் கணக்கில் சேர்த்துச் சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள். மளிகை வைக்கலாம், ஆள் தங்க வாடகைக்கு விடக்கூடாது.

மலைக்கோட்டையான்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஈசூன்வாசி ஐயா சொன்னபடி பதிவேட்டில் தேடினேன். அந்தப் பெயரில் முகவர் ஒருவர் இருக்கிறார், ஆனால் தொலைபேசி எண் வேறாக இருந்தது. பதிவேட்டு எண்ணுக்கு அழைத்தபோது, தெம்பனிஸில் தன்னிடம் வாடகைக்கு வீடே இல்லை என்றும், தன் பெயரைப் பயன்படுத்தி யாரோ விளம்பரம் போடுவது தெரிந்து காவல்துறையில் ஏற்கெனவே புகார் கொடுத்திருப்பதாகவும் சொன்னார். ஒரு மாத வாடகை தப்பியது.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் நடுவே வேலை போய்விட்டாலோ நிறுவனம் என்னைத் திருப்பி அனுப்பினாலோ மீதி மாதங்களின் வாடகைக்கு நான்தான் பொறுப்பா? ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ இருந்தால் கவலையில்லை என்று அலுவலக நண்பர் சொல்கிறார். அடுத்தது, முத்திரை வரி என்று ஒன்றைக் குறிப்பிடுகிறார்கள். அதைச் செலுத்துவது யார், செலுத்தாவிட்டால் என்ன ஆகும்?

முன்னாள் முகவர்:

நான் சில ஆண்டுகள் வீட்டு முகவராக இருந்து, இப்போது வேறு தொழிலில் இருக்கிறேன். டிப்ளமேட்டிக் கிளாஸ் என்ற சொல் ஆறுதல் அளிக்கும் அளவுக்கு அதன் உள்ளடக்கம் ஆறுதல் அளிப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பிரிவு வழக்கமாகச் சொல்வது இதுதான்: குடியிருப்பவர் சிங்கப்பூரில் வேலையை இழந்தாலோ வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டாலோ, முதல் 12 மாதம் முடிந்த பிறகு இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். ஆக, மிகச் சீக்கிரமாக வெளியேறுவதென்றாலும் 14 மாத வாடகை உங்கள் தலையில்தான். ஏழாவது மாதத்தில் வேலை போனால் இந்தப் பிரிவு இருந்தும் பயனில்லை. வேலை இழந்ததற்கோ மாற்றலுக்கோ ஆவணச் சான்று கேட்பார்கள். வேறு நல்ல வீடு கிடைத்துவிட்டது என்பதற்காக இதைப் பயன்படுத்த முடியாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் ரத்தானால் நாட்டில் தங்கியிருக்கப் பொதுவாக 30 நாள்வரைதான் குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். முன்னறிவிப்போ இரண்டு மாதம். நீங்கள் திருச்சிக்குத் திரும்பிய பிறகும் ஒரு மாத வாடகை இங்கே ஓடிக்கொண்டிருக்கும். முன்னறிவிப்பை ஒரு மாதமாகக் குறைக்கக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார்கள், ஆனால் வீடு இரண்டு மாதமாகக் காலியாகக் கிடக்கும்போது சம்மதித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பலர் படிக்காமல் விடுவது இதற்கு அடுத்த பத்தியை. உரிமையாளர் தம் முகவருக்குக் கொடுத்த தரகுத்தொகையில், நீங்கள் குடியிருக்காமல் விட்ட மாதங்களுக்குரிய பங்கை நீங்கள் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கும். உங்கள் 3,200 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு மாத வாடகையைத் தரகாகக் கொடுத்திருந்து, 24 மாத ஒப்பந்தத்தில் நீங்கள் 14ஆம் மாதம் கிளம்பினால், மீதி 10 மாதத்துக்கான பங்கு ஏறத்தாழ 1,333 வெள்ளி. அது முன்வைப்பிலிருந்துதான் கழியும்.

ஆகவே புதிய வேலை, புதிய நாடு என்ற நிலையில் இருப்பவர்களுக்கு, வாடகை மாதம் 100 வெள்ளி கூடினாலும் ஓராண்டு ஒப்பந்தமே மேல் என்று நான் சொல்லி வந்திருக்கிறேன். ஓராண்டு ஒப்பந்தத்தில் டிப்ளமேட்டிக் கிளாஸ் பொதுவாக இருக்காது. ஆனால் உங்கள் அதிகபட்ச இழப்பு 12 மாதத்தோடு நின்றுவிடுகிறது. இரண்டாம் ஆண்டுக்கு நீட்டித்துக்கொள்ளும் உரிமையை எழுத்தில் கேட்டு வாங்கலாம். அதில் வாடகை எவ்வளவு கூடலாம் என்ற உச்சவரம்பும் இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த உரிமைக்குப் பொருளில்லை.

இந்தப் பேரங்களையெல்லாம் ஒப்பந்தம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். முதலில் ‘எல்ஓஐ’ என்ற விருப்பக் கடிதத்தில் கையெழுத்திட்டு முன்பணம் கொடுப்பீர்கள். சமையல், முதல் 30 நாள், மெத்தை மாற்றித் தருவது, விலகும் பிரிவு என எல்லாவற்றையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்பவை கோரிக்கைகளாகத்தான் இருக்கும். ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள சிஇஏ தளத்தில் மாதிரி வாடகை ஒப்பந்தம் இலவசமாகவே கிடைக்கிறது. உங்களிடம் தரப்படுவதை அதன் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள்.

தரகுத்தொகை இவ்வளவுதான் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. பேசி முடிவு செய்வதுதான். ஒரே முகவர் ஒரே வீட்டுக்கு இரு தரப்புக்கும் முகவராக இருக்கக்கூடாது. உரிமையாளரின் முகவர் உங்களிடமும் அரை மாதம் கேட்டால், ‘நீங்கள் யாருடைய முகவர்?’ என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு பெரும்பாலும் தொகை மறைந்துவிடும்.

முத்திரை வரியைச் செலுத்துவது குடியிருப்பவர். நான்காண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. 3,200 வெள்ளி வீதம் 24 மாதத்துக்கு 76,800 வெள்ளி, அதற்கு வரி 307 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்தில் செலுத்த வேண்டும்; தாமதித்தால் அபராதம். முத்திரை வரி செலுத்தாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க மாட்டார்கள் என்பதால், நாளைக்கு முன்வைப்புக்காக வழக்காட வேண்டிவந்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் தாள். முகவர் செலுத்திவிட்டதாகச் சொன்னால் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செங்காங் அப்பா:

வழக்கு என்ற பேச்சு வந்ததால் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, சுவர் முழுவதும் மறுபடி வர்ணம் பூச வேண்டும் என்று சொல்லி உரிமையாளர் முன்வைப்பில் 1,900 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் அடித்தவை மூன்று ஆணிகள். ஒன்று சாமி படத்துக்கு, இரண்டு நாட்காட்டிக்கும் கடிகாரத்துக்கும். ஊதுவத்திப் புகை சுவரில் படிந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கெஞ்சிவிட்டு, சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனேன். இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை அங்கே எடுத்துச் செல்லலாம். கோரும் தொகை 20,000 வெள்ளி வரை இருக்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் வைக்க முடியாது, அவரவரே பேச வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கை என்பதால் எனக்கு ஆன கட்டணம் 10 வெள்ளி. இணையத்திலேயே மனுவைப் பதிவு செய்து, முதலில் சமரசப் பேச்சுக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தத்தில் ‘இயல்பான தேய்மானம் நீங்கலாக’ என்ற சொற்றொடர் இருந்ததும், குடியேறிய நாளில் நான் எடுத்து உரிமையாளருக்கு அன்றே அனுப்பிவைத்த எண்பது படங்களும்தான் என்னைக் காப்பாற்றின. சுவரில் பழைய கறைகள் அப்போதே இருந்தன. ஊதுவத்திக்காக 400 வெள்ளியை விட்டுக்கொடுத்து, 1,500 வெள்ளியைத் திரும்பப் பெற்றேன்.

படம் எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கூடத்தை அழகாக ஒரு படம் எடுத்துப் பயனில்லை. கழிவறைக் கதவின் அடிப்பகுதி, மெத்தையின் அடிப்பக்கம், குளிர்பதனப் பெட்டியின் ரப்பர் விளிம்பு, சமையல் மேடையில் அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர், சன்னல் கீல்கள், தரைப்பலகையின் மூலைகள் என்று சண்டை வரக்கூடிய இடங்களைத் தேடித் தேடி எடுங்கள். தொலைபேசியில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது. தேதி பதியும்படி உரிமையாளருக்கோ அவருடைய முகவருக்கோ மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பொருள்பட்டியலில் ‘சோபா 1’ என்று இருந்தால் ‘இடது கைப்பிடியில் கீறலுடன்’ என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொரு குறிப்பு: ‘24 மாதமும் கூடுதலாகப் பதினைந்து நாளும்’ என்று ஒப்பந்தம் போடச் சொல்லும் உரிமையாளர்கள் உண்டு. குடியேறுவதற்கு வசதியாக அரை மாதம் கூடுதலாகத் தருவது போலத்தான் தோன்றும். ஆனால் மொத்தக் காலம் இரண்டாண்டைத் தாண்டிவிட்டால் இந்த நடுவர் மன்றத்தின் கதவு சாத்திக்கொள்ளும். பிறகு செலவு மிகுந்த நீதிமன்ற வழிதான்.

மலைக்கோட்டையான்:

நீங்கள் அனைவரும் சொன்னவற்றைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இங்கிருந்தபடியே வீட்டை முடித்துவிட வேண்டும் என்று நினைத்திருந்ததைக் கைவிட்டுவிட்டேன். வந்த பிறகு தேடுவதற்கு முதல் மூன்று வாரம் எங்கேயாவது தங்க வேண்டும். தனியார் அடுக்குமாடி வீடு ஒன்றை ஒரு மாதத்துக்கு மட்டும் தருவதாக ஒரு விளம்பரம் பார்த்தேன். விடுதியைவிட மலிவாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?

ஈசூன்வாசி:

வேண்டாம் தம்பி. தனியார் வீடுகளையும் மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது இங்கே சட்டவிரோதம். விடுதியில் தங்குங்கள், அல்லது உரிமம் பெற்ற சேவை அடுக்குமாடியில் தங்குங்கள். அங்கே ஏழு நாளிலிருந்து தருவார்கள், சிறிய அடுப்பும் இருக்கும். பல நிறுவனங்கள் புதிதாக வருபவர்களுக்கு முதல் இரண்டு வாரம் தங்குமிடச் செலவைத் தருகின்றன. கேட்டால்தான் தருவார்கள் என்பதால் உங்கள் மனிதவளப் பிரிவுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தெம்பனிஸில் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் சீமெய், பிடோக், பாசிர் ரிஸ் பக்கமும் பாருங்கள். சாங்கி வணிகப் பூங்காவுக்கு மூன்றிலிருந்தும் தொலைவு குறைவு. லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கறிவேப்பிலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பேட்டைச் சந்தைகளிலேயே கிடைக்கிறது.

உட்லண்ட்ஸ் வீட்டுக்காரம்மா:

உங்கள் மனைவி கிரைண்டரைக் கொண்டுவருவதாக இருந்தால், இங்கே சுவரில் இருப்பது சதுர முள் கொண்ட பிளக் என்பதைச் சொல்லிவிடுங்கள். மின்னழுத்தம் ஊரில் உள்ளதேதான், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். இரவு பத்தரைக்கு மேல் மாவரைக்க வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் முதலில் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்.